வலது பக்கம் மட்டும்

எனக்கு வாய் ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்லுவாங்க. சொல்லட்டும், பொய்யா சொல்றாங்க? முப்பத்தெட்டு வருஷமா ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறவ நான். அளவெடுக்க நிக்கச் சொன்னா பிள்ளைங்க நெளியும். "கொஞ்சம் லூசா விடுங்க, அடுத்த வருஷமும் போடணும்"னு அம்மாக்காரிங்க உயிரை எடுப்பாங்க. ஸ்கூல் திறக்க ரெண்டு நாள் இருக்கும்போதுதான் அத்தனை பேருக்கும் ஞாபகம் வரும். வாய் மட்டும் இல்லேன்னா இவங்க என்னையே மெஷின்ல வெச்சுத் தைச்சிருப்பாங்க. அப்படிப்பட்டவ, பேச வேண்டிய ஒரே ஒரு விஷயத்துல வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன். அதைத்தான் இப்ப சொல்லப்போறேன்.

என் தம்பிக்கு ஒரே பொண்ணு. பதினாலு வயசு. வீட்ல அவளை ஏணின்னுதான் கூப்பிடுவோம், நான் வெச்ச பேர். ஒரே வருஷத்துல அவ அம்மாவைத் தாண்டி, அப்பனோட காது வரைக்கும் வந்துட்டா. தம்பி கட்டட வேலையில கிரேன் ஓட்டுறவன். அவன் பொண்டாட்டி முதியோர் வார்டுல ஆயாவா இருக்கா. ரெண்டு பேரும் வேலை முடிஞ்சு வர நேரமாகும்னு ஏணி ஸ்கூல் விட்டதும் நேரா என் கடைக்கு வந்துடுவா. துணி மூட்டை மேல ஏறி உக்காந்துக்கிட்டு ஒவ்வொரு டீச்சர் மாதிரியும் பேசிக் காட்டுவா. கணக்கு டீச்சர் மூக்கை உறிஞ்சுறதை அவ செஞ்சு காட்டினா எனக்கு ஊசியில நூல் கோக்க முடியாது, அவ்வளவு சிரிப்பு வரும். எனக்குன்னு பிள்ளை இல்ல. அந்தக் கதை இங்க வேண்டாம்.

"அத்தை, மேல காத்து நல்லா வருது. நீயும் கொஞ்சம் வளரேன்"னு என் தலையில கையை வெச்சு அழுத்துவா.

"போடி கழுதை. நீ வளர்ற வேகத்துக்கு துணி எடுத்தே உங்கப்பன் ஓட்டாண்டியாகப் போறான்"னு நானும் திட்டுவேன்.

அவளுக்கு முட்டி வலிக்குதுன்னு எப்போ ஆரம்பிச்சாளோ, எங்க யாருக்கும் சரியா ஞாபகமில்ல. வளர்ற பிள்ளைக்கு வலிக்காம இருக்குமா? அவ அம்மா தைலம் தேச்சு விட்டா. அப்பன் "நானும் இப்படித்தான் வளர்ந்தேன்"னான். பொய்யி, அவன் வளரவே இல்ல. நானும் என் பங்குக்கு, "எலும்பு இழுக்கும்ல, சும்மாவா நீளும்?"னு சொன்னேன். எல்லாருக்கும் உள்ளுக்குள்ள பெருமைதான். வலிக்குது, அப்ப இன்னும் உயரமாவா.

முழுப் பரீட்சைக்கு ஒரு மாசம் முன்னாடி ஒருநாள் கடைக்கு வந்தா. "அத்தை, இந்த பேன்ட் வலது பக்கம் மட்டும் முட்டிகிட்ட புடிக்குது."

"இடது பக்கம்?"

"அது சரியா இருக்கு. வலது பக்கம் மட்டும்."

எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. ஒரு காலைத்தான் அளப்போம். இன்னொரு கால் எங்க போயிடும்? ரெண்டும் ஒரே அளவுன்னு நம்பித்தான் உலகத்துல அத்தனை டெய்லரும் கத்தரி பிடிக்கிறான். நான் எப்பவும் இடது காலைத்தான் அளப்பேன், உக்கார்ற இடம் அப்படி. அதனால வலது பக்கம் மட்டும் புடிக்குதுன்னு அவ சொன்னதும் எனக்கு வந்தது ஒரே ஒரு நினைப்புதான். நான் தப்பா வெட்டியிருக்கேன்.

சத்தியமா சொல்றேன், அவ காலை நான் பாக்கவே இல்ல. பேன்டைத்தான் பாத்தேன். எனக்கு அவமானமா போச்சு. முப்பத்தெட்டு வருஷம் வெட்டின கை, சொந்தத் தம்பி மகளுக்கு ஒரு பக்கம் குறைச்சு வெட்டிடுச்சேன்னு. கண்ணு மங்குதா, கை நடுங்குதா, வெளியில தெரிஞ்சா யாரு வருவான்னு என்னென்னவோ ஓடுச்சு. "கழட்டிக் குடுடி, அஞ்சு நிமிஷம்"னு சொல்லி, வலது பக்கத் தையலைப் பிரிச்சு அரை அங்குலம் விட்டுத் தைச்சுக் குடுத்தேன். யார்கிட்டயும் மூச்சு விடல.

ஒண்ணரை மாசம் கழிச்சு திரும்பவும் வந்தா. அதே பேன்ட், அதே பக்கம்.

இந்தத் தடவை நான் தப்பா வெட்டினேன்னு நினைக்க மனசு ஒப்பல. துணியில கோளாறுன்னு முடிவு பண்ணினேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதை. துணிக் கடைக்காரனுக்கு போன் போட்டுக் கத்தினேன். "என்ன துணிய்யா இது, ஒரு துண்டு சுருங்குது, ஒரு துண்டு சுருங்கல?" அவன் பாவம், "அக்கா, ஒரே துணிச் சுருள்ல வெட்டினது அக்கா"ன்னான். போனை வெச்சுட்டு, உள்ள மிச்சமிருந்த துணியையும் பிரிச்சு விட்டேன். அதுக்கு மேல விட துணி இல்ல. ஏணி பேன்டை மாட்டிக்கிட்டு லேசா நொண்டி நடந்து போனா. நொண்டுறியேன்னு கேட்டேன். "வளர்றேன் அத்தை"ன்னா. சிரிச்சுட்டு அடுத்த வேலையைப் பாத்தேன்.

அவ சொன்னதை என் காது கேட்டுச்சு. என் புத்திக்கு ஏறல.

அப்புறம் எனக்கே முட்டி வலி. அறுபத்தொண்ணு வயசாகுது, மெஷின் மிதிச்சு மிதிச்சு வராம என்ன பண்ணும். ஆனா எனக்கு வேற பயம் வந்துடுச்சு. கேன்சரா இருக்குமோன்னு ரெண்டு வாரம் தூங்கல. யார்கிட்டயும் சொல்லாம எலும்பு டாக்டரைப் பாக்கப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா, சிரிச்ச முகம். படம் எடுத்துப் பாத்துட்டு, "தேய்மானம்மா. எல்லாருக்கும் வர்றது"ன்னாங்க.

"நல்லா பாத்து சொல்லுங்க. கேன்சர் கீன்சர் இல்லியே? வயசானவங்களுக்குத்தானே அது வரும்?"

அவங்க சிரிச்சாங்க. "நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க. எலும்புலயே உண்டாகுற கேன்சர் ரொம்ப அபூர்வம்மா. அறுபதுக்கு மேல கொஞ்சம் ஏறும், அது நிஜம். ஆனா பெரியவங்க எலும்புல இருக்கிறது முக்கால்வாசி வேற எங்கயோ ஆரம்பிச்சு அங்க பரவினதாத்தான் இருக்கும். எலும்புலயே உண்டாகுறதுக்கு இன்னொரு ஏத்தம் இருக்கு. பத்துலேருந்து இருபது வயசுக்குள்ள. விறுவிறுன்னு வளர்றாங்க பாருங்க, அப்ப. நடு வயசுல குறைஞ்சுடும்."

"சின்னப் பிள்ளைங்களுக்கா?"

"பயப்படாதீங்க. பத்து லட்சம் பிள்ளைங்கள்ல வருஷத்துக்கு எட்டு, பத்து பேர். எங்கிட்ட முட்டி வலின்னு வர்ற பிள்ளைங்க அனேகமா எல்லாருக்குமே ஒண்ணும் இருக்காது. வளர்ற வலின்னா ரெண்டு காலும் வலிக்கும், வரும், போகும். ஆனா ஒரு பக்கம் மட்டும் வலிக்குது, தூக்கத்துல எழுப்புது, வீக்கம் குறையவே மாட்டேங்குதுன்னா ஒரு எக்ஸ்ரே எடுக்காம விடமாட்டோம்."

ஒரு பக்கம் மட்டும்.  டாக்டரம்மா இன்னும் என்னமோ சொன்னாங்க, உடற்பயிற்சியோ என்னமோ. நான் எழுந்துட்டேன். மருந்துச் சீட்டை அங்கயே மேசையில விட்டுட்டு வந்தது ராத்திரி என் வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது.

நேரா தம்பி வீட்டுக்குப் போனேன். ஏணி கட்டில்ல படுத்து, தலகாணியை முட்டிக்கு அண்டக் குடுத்துக்கிட்டு புத்தகம் படிச்சுக்கிட்டிருந்தா. பையிலேருந்து டேப்பை எடுத்தேன்.

"என்ன அத்தை, வீட்டுக்கே வந்து அளக்கிறே? அவ்வளவு பெரிய டெய்லரா ஆயிட்டியா?"

"பேசாம காலை நீட்டு."

இடது முட்டி சுத்தளவு பதிமூணு அங்குலம். வலது பதினாலரை. டேப்பை எடுத்துட்டு மறுபடி வெச்சேன். பதினாலரை. கைக்கு அது கெட்டியா, கொஞ்சம் சூடா இருந்துச்சு. ராத்திரி வலிச்சு முழிக்கிறியாடின்னு கேட்டேன். "தினமும்தான். அம்மாவை எழுப்ப மாட்டேன், அவங்க அசந்து தூங்குவாங்க"ன்னா.

என் தம்பி பொண்டாட்டி அப்பத்தான் வேலை முடிஞ்சு வந்து செருப்பைக் கழட்டிக்கிட்டிருந்தா. விஷயத்தைச் சொன்னேன். கேட்டு முடிக்கிறதுக்குள்ள அவ முகம் சிவந்துடுச்சு.

"அண்ணி, நான் பாக்காத கேன்சரா? பன்னெண்டு வருஷமா அந்த வார்டுல இருக்கேன். எலும்புல வந்தவங்க எத்தனை பேரைப் புரட்டிப் படுக்க வெச்சிருக்கேன் தெரியுமா? எல்லாரும் எழுபது, எண்பது. ஒரு பிள்ளையைப் பாத்ததில்ல நான்."

"முதியோர் வார்டுல பிள்ளை எப்படிடி இருக்கும்?"

நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனா கேட்டுட்டேன்.  அவ மக காலை முதல் தடவையா பாக்கிற மாதிரி பாத்தா. அப்புறம் கழட்டின செருப்பையே திரும்ப மாட்டிக்கிட்டு, "எங்க போகணும் சொல்லுங்க"ன்னா.

மறுநாள் காலையில அதே டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனோம். படத்தை வெளிச்சத்துல வெச்சுப் பாத்தவங்க சிரிக்கல. ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் தம்பியைப் பாத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் தர்றேன், இன்னிக்கே போங்கன்னாங்க. இன்னிக்கேன்னு சொன்னதும் தம்பி கிரேன் சாவியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான். வேலைக்குப் போற வழியில வந்துட்டுப் போயிடலாம்னு சாவியோட வந்தவன் அவன்.

பெரிய ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்தாங்க, எலும்பைக் கொஞ்சம் துளைச்சு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க. பத்து நாள் காத்திருந்தோம். கேன்சர்தான். தொடை எலும்பு முட்டியில வந்து சேர்ற இடத்துல. நல்ல வேளை, நுரையீரலுக்குப் போகலன்னாங்க. அந்த ஒரு நல்ல வேளையைப் பிடிச்சுக்கிட்டு நாங்க மூணு பேரும் அந்த அறையில உக்காந்திருந்தோம். ஏணியை வெளியில நர்ஸ்கிட்ட விட்டிருந்தோம்.

அங்க இருந்த பெரிய டாக்டர் நரைச்ச தலை, நிதானமா பேசுறவர். பேனாவைத் திறந்து வெச்சுக்கிட்டு, "வீக்கம் எப்ப ஆரம்பிச்சுது?"ன்னு கேட்டார்.

"ரெண்டு வாரமிருக்கும்"னா அவ அம்மா. "மூணு வாரம்"னான் தம்பி.

அவர் எழுதப்போனார். அந்த நேரத்துல நான் சும்மா இருந்திருந்தா யாருக்கும் எதுவும் தெரிஞ்சிருக்காது. சத்தியமா சும்மா இருக்கணும்னுதான் நினைச்சேன். இந்தப் பிள்ளையை விட்டா எனக்கு யாரு இருக்கா? என்னைக் கடைசி வரைக்கும் மன்னிக்க மாட்டாங்க, அவ கட்டில் பக்கத்துலயே விடமாட்டாங்கன்னு தெரியும். ஆனா அவர் எழுதுறது மருந்துக்காக. தப்பான அளவை வெச்சு வெட்டினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?

"இல்ல டாக்டர்"னேன். "நாலு மாசமாச்சு. முழுப் பரீட்சைக்கு ஒரு மாசம் முன்னாடியே வலது பக்கம் அரை அங்குலம் கூடியிருந்துச்சு. ஒண்ணரை மாசத்துல இன்னொரு அரை அங்குலம். நான்தான் ரெண்டு தடவையும் பேன்டைப் பிரிச்சு விட்டேன். நான் தப்பா வெட்டிட்டேன்னு நினைச்சு யார்கிட்டயும் சொல்லல."

அவர் அதை எழுதிக்கிட்டார். தம்பி தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அவன் பொண்டாட்டி நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்து வெளியில போயிட்டா.

அன்னியிலேருந்து அவ எங்கிட்டப் பேசல. கட்டில் பக்கத்துல விடமாட்டாங்கன்னு நினைச்சேனே, அது நடக்கல. வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல. நான் பாட்டுக்குக் கடையைப் பூட்டிட்டு தினமும் போனேன். நான் வந்தா அவ எழுந்து ஜன்னல் பக்கம் போயிடுவா. "அவங்களைச் சாப்பிடச் சொல்லு"ன்னு மக மூலமா சொல்லுவா. ஏணி நடுவுல படுத்துக்கிட்டு, "அத்தை, உன்னைச் சாப்பிடச் சொல்றாங்க. அம்மா, சாப்பிட்டாச்சாம். ரெண்டு பேரும் எனக்கு சம்பளம் குடுத்துடுங்க"ன்னுவா.

பத்து வாரம் மருந்து ஏத்தினாங்க. வாந்தி, வாய்ப்புண்ணு, காய்ச்சல். முடி கொத்துக் கொத்தா தலகாணியில வந்துச்சு. "இனிமே எந்த டீச்சராவது பின்னல் சரியா போடலன்னு திட்டட்டும் பாக்கலாம்"னா. ஒரு நாளைக்கு அந்த மாதிரி ஒரு தமாஷ் வந்தாலே பெருசு. மத்த நேரமெல்லாம் சுவரைப் பாத்துப் படுத்திருப்பா.

அந்த வார்டுல இருந்தவங்களை நான் எண்ணிப் பாக்க வேண்டாம்னு நினைச்சும் கண்ணு போகும். பன்னெண்டு வயசு, பதினாறு, பதினஞ்சு. மீசை அரும்புற பையன் ஒருத்தன், அவன் அப்பாவைவிட ஒரு முழம் உயரம். எல்லாம் நெடுநெடுன்னு வளர்ந்த பிள்ளைங்க. எல்லா அம்மாக்களும் தைலம் தேச்சவங்கதான். கேட்டுப் பாத்தேன். என் தம்பி பொண்டாட்டி அந்தப் பிள்ளைங்க கட்டிலையெல்லாம் ஒண்ணொண்ணா பாத்துக்கிட்டு நிப்பா. அவ வார்டுல இப்படி ஒரு கட்டில் இருந்ததில்ல.

பத்து வாரம் முடிஞ்சு மறுபடி ஸ்கேன். பெரிய டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, நிறையப் பேருக்கு கெட்ட எலும்பை மட்டும் எடுத்துட்டு உலோகத்துல வெச்சுடுவோம், கால் தப்பிச்சுடும், ஆனா இவளுக்கு முட்டிக்குப் பின்னால ஓடுற ரத்தக்குழாயையும் நரம்பையும் கட்டி சுத்திக்கிட்டிருக்கு, காலை எடுத்தாதான் பிள்ளையைக் காப்பாத்த முடியும்னார். தொடை பாதியோட.

ஏணிகிட்ட அவரே சொன்னார். அவ ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "எடுத்துட்டா பொழைச்சுக்குவேனா?" அதுக்கு அவர், "வாய்ப்பு நல்லா இருக்கு"ன்னார். சரின்னுட்டு போர்வையை இழுத்து மூடிக்கிட்டா. 

நான் அந்த டாக்டரை நடைவழியில பிடிச்சுக்கிட்டேன். "நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா கால் இருந்திருக்குமா?"

அவர் நின்னார். "இருந்திருக்கலாம்மா. இல்லாமலும் போயிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது."

என்னாலதான்னு சொல்லியிருந்தா தலையில அடிச்சுக்கிட்டு அழுதிருப்பேன். உன்னால இல்லன்னு சொல்லியிருந்தா கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். ரெண்டும் இல்லாம அவர் போயிட்டார்.

ஆபரேஷன் அன்னிக்குக் காலையில ஏழு மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. தம்பி கீழ ரத்தம் குடுக்கப் போயிட்டான். நீளமான பெஞ்சு, ஒரு கோடியில நான், மறு கோடியில அவன் பொண்டாட்டி. நடுவுல ஏணியோட துணிப்பை. ஒரு மணி நேரம் போயிருக்கும். அவ அந்தப் பையை எடுத்துக் கீழ வெச்சா. நகர்ந்து வந்தா.

"அண்ணி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. திட்டப்போறான்னு நினைச்சேன். திட்டட்டும்னும் இருந்துச்சு, மூணு மாசமா அதுக்குத்தானே காத்திருந்தேன்.

"உங்க மேல கோவம்னு நினைச்சீங்களா?"

"கோவப்படாம என்ன பண்ணுவே?"

"ஊரார் உடம்பைத் துடைச்சு விடறேன் அண்ணி. யாருக்காவது முதுகுல சின்னதா சிவந்தாக்கூட முதல்ல என் கண்ணுக்குத்தான் தெரியும். டாக்டருங்களே என்னைக் கேப்பாங்க. என் பொண்ணு தினமும் என் முன்னாடிதான் உடுப்பு மாத்துவா." கீழ வெச்ச பையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டா.  "உங்களுக்காவது அரை அங்குலம் தெரிஞ்சுது. பெத்தவ நான், எனக்கு அதுகூடத் தெரியல. உங்களைப் பாக்கிறப்பல்லாம் அதான் ஞாபகம் வருது. அதனாலதான் பேசல."

  அவ கையை எடுத்து என் மடியில வெச்சுக்கிட்டேன். ரெண்டு பேரும் அழுதோம். போறவங்க வர்றவங்க பாத்தாங்க, பாத்துட்டுப் போகட்டும்.

மத்தியானம் டாக்டர் வந்து, நல்லபடியா முடிஞ்சுது, வெட்டின ஓரம் சுத்தமா இருக்கிற மாதிரிதான் தெரியுது, பரிசோதனை வந்தாதான் உறுதியா சொல்லலாம்னார். சாயங்காலம் ரெண்டு பேரை மட்டும் உள்ள விட்டாங்க. தம்பி வாசல்லயே நின்னுட்டு, "நீங்க போங்க, நான் அப்புறம் பாத்துக்கிறேன்"னான். அவனால முடியல.

ஏணி கண்ணை மூடிப் படுத்திருந்தா. போர்வை இடது பக்கம் கால் நுனி வரைக்கும் மேடா இருந்துச்சு. வலது பக்கம் பாதியோட சட்டுனு இறங்கிடுச்சு. நான் அங்க பாக்காம அவ முகத்தையே பாத்தேன். கொஞ்ச நேரத்துல உதட்டை நனைச்சுக்கிட்டு, கண்ணைத் திறக்காமலே கூப்பிட்டா.

"அத்தை."

"இங்கதான்டி இருக்கேன்."

"கட்டைவிரல் அரிக்குது."

நான் குனிஞ்சு இடது கால் விரலைத் தேடினேன்.

"அது இல்ல. வலது."

அவ அம்மா என்னைப் பாத்தா. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமான்னு ஒரு நொடி வந்துச்சு. முடியல எனக்கு. அந்தப் பிள்ளை விஷயத்துல நான் மறைச்சதெல்லாம் போதும்.

"அந்தக் கால் இப்ப இல்லடா கண்ணு."

"தெரியும் அத்தை." கண்ணோரம் தண்ணி இறங்குச்சு. "ஆனா அரிக்குதே. நான் என்ன பண்ணட்டும்?"

 அவ அம்மாதான் எழுந்து கட்டிலோட அந்தக் கோடிக்குப் போனா. போர்வை தட்டையா கிடந்த இடத்துல கையை வெச்சு, வெறும் மெத்தையை மெதுவா சொறிஞ்சு விட்டா.

"இங்கயாம்மா?"

"இன்னும் கொஞ்சம் கீழ."